பின்பக்கமாய்க் கரையேறிய கார்

ராத்திரி ஒன்றரை மணி. மம்சாபுரத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற மண் ரோடு. ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்கு கிடையாது... ஒரு பக்கம் பருத்திக் காடு, எதிரே கண்மாய்க் கரை. கிட்ட வந்து உட்காருங்கள், சத்தமாகச் சொல்கிற கதை இல்லை. என் கூட்டாளி அருளப்பனின் சொந்தச் சித்தப்பா வேதமணிக்கு நடந்தது.

சண்டைக் காலம், நாற்பத்து மூன்றாம் வருடம். பெட்ரோலுக்குக் கூப்பன். வேதமணிக்கு வீடு மம்சாபுரம், வேலை ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு மில்லில் ஃபிட்டர். ஃபிட்டரிடம் ஏது கார் என்று கேட்பீர்கள். மலை எஸ்டேட்டில் ஒரு வெள்ளைக்காரர் கோழி அடைய விட்டுப்போன வண்டி அது. பிறந்து முப்பது வருடத்துக்கு மேலே. பழைய இரும்பாகப் போக இருந்ததை இழுத்து வந்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்த கையோடு அதன் அடியில் படுத்து, ஒரு வருடத்தில் ஓட வைத்துவிட்டார். ஓட வைத்தாரே தவிர ஒன்றையும் மாற்றவில்லை. பெயிண்ட் உரிந்த இடம் உரிந்தபடி. சீட்டுத் தோல் வெடித்தது வெடித்தபடி. மர ஸ்டீரிங்கில் யாரோ ஒருவரின் பெருவிரல் தேய்த்துத் தேய்த்து ஒரு பள்ளம். அதில் தன் விரலை வைத்துத் தடவிக்கொண்டே இருப்பார். "என்னைய ஒருநா இப்பிடித் தடவியிருக்கியளா?" என்று கேலி செய்வாள் பெண்டாட்டி இன்பம்.

வண்டிக்கு ஒரே ஒரு கோளாறு. பெட்ரோல் டேங்க் முன்சீட்டுக்கு அடியில். பெட்ரோல் தானாக வழிந்துதான் எஞ்சினுக்குப் போகவேண்டும். டேங்கில் கொஞ்சமாக இருக்கும்போது மேடு ஏறினால் எஞ்சின் உயர்ந்துவிடும், பெட்ரோல் போகாது. லாரி மெக்கானிக் சீனிச்சாமி தலையில் அடித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, டேங்கத் தூக்கி மேல வச்சுத் தாரேன். அரைநா வேல."

"வேண்டாம்லே. அது பொறந்தபடியே இருக்கட்டும்."

மேடு வந்தால் வேதமணி வண்டியைத் திருப்பி ரிவர்சில் ஏற்றுவார். அப்போது டேங்க் மேலே, எஞ்சின் கீழே, பெட்ரோல் ஒழுங்காக வழியும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அவருக்கு அதிலும் ஒரு பெருமை.

அந்த ராத்திரி யாரும் சிரிக்கவில்லை. பின்சீட்டில் இன்பம், அவள் மடியில் நாலரை வயது ஞானபாக்கியம். ஒரே பிள்ளை. தொண்டை அடைப்பான். மூச்சை இழுக்கும்போது... ஈரக் கட்டையை ரம்பத்தால் அறுக்கிற சத்தம். விடும்போது சத்தமே இல்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரம்மா தொண்டையில் குழாய் போட்டுப் பிழைக்க வைப்பார், விடியும்வரை மட்டும் காத்திருக்காதே என்று கம்பவுண்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

கரை அடிவாரத்தில் எஞ்சின் இருமியது. டேங்கின் அடியில் ஒரு விரற்கடை பெட்ரோல். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்றால் இன்னும் நாலு மைல். வேதமணி வண்டியைத் திருப்பினார்.

இதைக் கவனித்துக் கேளுங்கள். கார்பைடு விளக்கு இரண்டும் இப்போது வந்த வழியைப் பார்த்து எரிகின்றன. ஏறவேண்டிய கரை கும்மிருட்டு. வேதமணி உடம்பை முறுக்கி, பின்னால் பார்த்தபடி ஓட்டுகிறார். பக்கத்திலேயே கண்மாய்த் தண்ணீர். கண்ணை எடுத்தால் மூன்று பேரும் அதற்குள். இன்பமோ அவரைத் தாண்டி, வெளிச்சம் விழுந்த ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்.

"என்னங்க..."

"என்னட்டி?"

"வெளக்கு வெளிச்சத்துல ஒருத்தி வாரா. நம்மளயே பாத்து வாரா."

"எவளாவது காட்டுக்காவலுக்கு வந்தவளா இருக்கும்."

"இடுப்புல பிள்ள வச்சிருக்க மாதிரி கைய வளைச்சிருக்கா..." இன்பம் மடியிலிருந்த பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். "பிள்ள இல்லங்க."

வேதமணி திரும்பவில்லை. திரும்ப முடியாது. கார்பைடு விளக்கின் பூண்டு வாடைக்கு மேலே இன்னொரு வாடை வந்தது. புளித்துப்போன தாய்ப்பால் வாடை.

முக்கால் கரையில் பின்சக்கரம் சரளைக் கல்லில் சிக்கிச் சுழன்றது. எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. பிறகு நகர்ந்தது... கீழ்நோக்கி. ஓர் அங்குலம். இன்னும் ஓர் அங்குலம். பின்சீட்டில் ரம்பச் சத்தம் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுகிற நேரம். பிறகு ஒரே ஒரு இழுப்பு.

"ஒரு தகர டப்பாவுக்காக எம்பிள்ளயக் கொன்னுட்டேனே... சீனிச்சாமி சொன்னானே, கேக்கலயே..." வேதமணி வாய்விட்டு அழுதார். அழுதுகொண்டே பெடலை மிதித்தார்.

அப்போது இன்பம் அவர் தலைக்கு மேலே கத்தினாள்: "தாயே! நீ ஆரா இருந்தாலும் சரி, வண்டியச் செத்த தள்ளிவிடு தாயே! எம்பிள்ள சாவுது!"

செத்த நேரம் எஞ்சின் சத்தம் மட்டும். இன்பம் முன்னால் குனிந்து, யாருக்கோ பதில் சொல்வதுபோல மெதுவாக ஒரு வார்த்தை சொன்னாள். அவ்வளவுதான்... ரேடியேட்டர் பக்கம் 'சுர்ர்' என்றது. சுடுகிற இரும்பில் ஈரக் கை பட்டால் வருகிற சத்தம். இன்னொரு 'சுர்ர்'. வண்டி ஏறியது. இருபது ஆள் சேர்ந்து தள்ளியதுபோல ஒரே மூச்சில் கரை உச்சிக்கு ஏறிவிட்டது. வேதமணி வண்டியை நேராகத் திருப்பியபோது ரோட்டில் ஓர் ஈ காக்கை இல்லை.

டாக்டரம்மா குழாய் போட்டார். விடிவதற்குள் பிள்ளையின் மூச்சு சீரானது. வேதமணி முழங்கால் போட்டு ஜெபம் பண்ணிவிட்டு, எழுந்து வந்து கேட்டார்.

"கரையில குனிஞ்சு என்னமோ சொன்னியே, என்னட்டி?"

இன்பம் பிள்ளையின் போர்வையை இழுத்துவிட்டாள். "அவ ஒண்ணுதான் கேட்டா. பிள்ள பேரு என்னன்னு கேட்டா."

"சொல்லிட்டியா?"

"பின்ன நான் என்ன செய்ய?"

பிள்ளை வீட்டுக்கு வந்தது. சாப்பிட்டது, ஓடியாடியது. பத்தாம் நாள் பொழுது சாய, இன்பம் அடுப்படியிலிருந்து "ஏட்டி ஞானபாக்கியம்" என்று கூப்பிட்டாள். "என்னம்மா" என்றது முற்றத்தில் நின்ற பிள்ளை. "என்னம்மா" என்றது கார் ஷெட். அதே குரல். வேதமணி அரிக்கேனைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பார்த்தார். பின்சீட்டில் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அந்தப் பேரைச் சொல்வதில்லை.

விஷயம் கேள்விப்பட்டு அருளப்பன் போயிருக்கிறான். ராத்திரி சாப்பாடு முடிந்து, பிள்ளை பாயில் தூங்குகிறது. "வித்துத் தொலைங்க சித்தப்பா. எதுக்கு இந்தச் சனியன்?" என்றான்.

வேதமணி தூங்குகிற பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"வித்துரலாம்லே. வண்டியோட போறது எம்பிள்ளயா, வீட்ல இருக்கது எம்பிள்ளயான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

பதில் ஷெட்டிலிருந்து வந்தது. சன்னமாக, தூக்கக் கலக்கத்தில் கேட்பதுபோல...

"அப்பா... இன்னும் ஆஸ்பத்திரி வரலயா?"