ரோடு காலி

அந்த மின்விசிறியை மட்டும் கொஞ்சம் நிறுத்திவிடுங்கள் சார். வியர்த்தால் வியர்க்கட்டும். பின்னால் அது கடகடவென்று ஓடினால் பதிவில் என் குரல் தெளிவாக விழாது. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராகப் பாதி ஆயுசைக் கழித்தவள் நான். மைக்குக்கு முன்னால் எப்படி உட்கார வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உங்கள் விசாரணை அறிக்கையைப் படித்தேன். சீசனின் முதல் பந்தயம், நகரத் தெருவில் நடந்தது, இரண்டு கார்கள் மோதியதில் ஒரு வீரர் இறந்தார். காரணம், மாடியிலிருந்து வழி சொன்ன பெண்மணியின் கவனப்பிசகு. மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது. அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் காலையிலேயே கிளம்பி வந்தேன்.

என் வேலைக்காலத்தில் எத்தனையோ பேருந்துகள் தாமதமாக வந்திருக்கின்றன, சில வராமலே போயிருக்கின்றன. ஆனால் நான் தடம் மாற்றிச் சொன்னேன் என்று ஒரு பயணிகூட வந்து சண்டை பிடித்ததில்லை. ஒரு பேருந்து கவிழ்ந்த செய்தியையும் இதே குரலில்தான் சொன்னேன். பதறிச் சொன்னால் கூட்டம் தலைதெறிக்க ஓடும். நிதானமாகச் சொன்னால் வரிசையில் நின்று கேட்கும்.

அந்தக் குரலை வைத்துத்தான் என் மகனை வளர்த்தேன். அவனுக்கு மீசை முளைக்கும் முன்பே அவன் அப்பா வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, போனது நல்லதுதான். பையன் சின்னக் கார் ஓட்டப் பழகிய மைதானத்தில் வேலிக்கு வெளியே நின்று நான்தான் கத்துவேன். இடது பக்கம் வருகிறான், பின்னால் ஆள் இல்லை, இப்போது போ. "நீ சொன்னா நான் கண்ணை மூடிக்கிட்டுகூட போவேம்மா" என்பான். வேடிக்கைக்குத்தான் சொன்னான். எனக்கு அது வேடிக்கையாக இருக்கவில்லை.

பெரியவனாகி, நான்கு சக்கரமும் மூடியில்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பந்தயக் காருக்கு வந்த பிறகும் நானே அவன் காதில் இருந்தேன். தெருப் பந்தயம் என்றால் சாதாரண நாளில் பேருந்து ஓடும் சாலையை அடைத்து இருபுறமும் கான்கிரீட் சுவர் வைத்துவிடுவார்கள். ஓட்டுகிறவனுக்குச் சுவர் தெரியும், வானம் தெரியும். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் என்ன என்று தெரியாது. பணக்கார அணிகளுக்கு மூலைக்கு மூலை கேமரா உண்டு. எங்களுடையது கைக்கும் வாய்க்குமாக ஓடும் அணி. ஆகவே ஒரு திருப்பத்துக்கு நேர் மேலே, வங்கிக் கட்டடத்தின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு ரேடியோவும் நானும்.

எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. இதை நீங்கள் கேட்கவே இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் திருப்பத்துக்கு முன்னால் நான் "ரோடு காலி, போ" என்று சொல்ல வேண்டும். சொன்னால் தயங்காமல் போவான். சொல்லாவிட்டால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம், வேகத்தைக் குறைப்பான். இன்னொன்றும் சின்ன வயதிலிருந்து சொல்லிவைத்திருந்தேன். சுவரில் இடிக்கத்தான் போகிறோம் என்று தெரிந்துவிட்டால் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். பிடித்துக்கொண்டே இருந்தால் சக்கரம் அடிபடும்போது ஸ்டியரிங் திருகி மணிக்கட்டை முறித்துவிடும்.

பந்தயத்துக்கு முந்தின மாலை பட்டறைக் கொட்டகையில் அவன் என் பக்கத்தில் ஒரு டயர் மேல் வந்து உட்கார்ந்தான்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதே."

"சொல்லு."

"அடுத்த ரேஸ்லேர்ந்து ரேடியோவை இன்ஜினியரே பாத்துக்குவாரு. நமக்கும் கேமரா வருது. நீ எதுக்கு வெயில்ல மொட்டை மாடியில காயணும்? வீட்ல உக்காந்து டிவில பாரேன்."

"முதலாளி சொன்னாரா?"

"இல்லம்மா. நான்தான் கேட்டேன்."

சரி என்றேன். அவன் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த ரப்பர்த் தூளைத் தட்டிவிட்டேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டு தப்பாக முடிச்சுப் போட்டுவிடக் கூடாது. அதற்கும் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை.

நான் செய்தது அவன் உயிரைக் காப்பாற்ற. பந்தயக்காரனைப் பெற்றவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் திரிகிறாள். போன சீசனில் அவன் கார் இன்னொரு காரின் சக்கரத்தில் ஏறி அந்தரத்தில் திரும்பியதைப் பார்த்தேன். விட்டுவிடு என்று சொன்னேன், கெஞ்சினேன், சாப்பிடாமல் கிடந்தேன். சிரித்தான். என் குரல் காதில் இருக்கிறவரை ஏதோ ஒரு பிடி இருந்தது. இனி அதுவும் இல்லை என்றால் அவனை யார் பார்ப்பார்கள்? அந்த இன்ஜினியரா? அவருக்கு என் மகன் திரையில் ஒரு புள்ளி.

இரவெல்லாம் யோசித்தேன். ஒரு மணிக்கட்டு போதும் என்று தோன்றியது. கை முறிந்தால் சீசன் போகும். சீசன் போனால் விளம்பரக்காரர்கள் போவார்கள். பிறகு எல்லாப் பிள்ளைகளையும் போல ஒரு வேலைக்குப் போய்விட்டுச் சாயந்தரம் வீடு திரும்புவான். அந்தத் திருப்பத்தில்தான் வேகம் குறைவு, பேருந்துகளே அங்கே ஹாரன் அடித்து ஊர்ந்துதான் திரும்பும். அடிபட வேண்டும் என்றால் அதைவிட நல்ல இடம் கிடைக்காது. பார்த்துப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். அங்கே யாருடைய காராவது நின்றுபோனால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

காலையில் மாடிக்கு ஏறும் முன் ஊதாவைப் பார்த்தேன். எதிரணிப் பையன். ஊதா நிற ஹெல்மெட் போடுவதால் மெக்கானிக்குகள் வைத்த பெயர். அவனுக்கு அது முதல் சீசன். கையுறையின் பட்டை பிய்ந்துபோய் என்னிடம் ஊசிநூல் இருக்கிறதா என்று வந்தான். தைத்துக் கொடுத்தேன்.

"ஆன்ட்டி, மேலேர்ந்து எனக்கும் சேத்துப் பாருங்களேன்" என்றான் சிரித்துக்கொண்டே.

"பாக்கறேம்ப்பா" என்றேன்.

பந்தயம் சூடு பிடித்த நேரத்தில் அந்தத் திருப்பத்தைத் தாண்டியதும் ஊதாவின் கார் வழுக்கிச் சுழன்று சாலைக்குக் குறுக்கே நின்றது. ஆபத்து என்றால் கொடி காட்ட ஓரத்தில் நிற்கிறவர் அப்போதுதான் திரும்பிக் கொடியை எடுக்கப் போனார். அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டேன். பாவம், அவர்மேல் ஒரு குறையும் இல்லை. அவருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. மாடியிலிருந்து இரண்டு பக்கமும் தெரியும். இந்தப் பக்கம் என் மகன் வந்துகொண்டிருந்தான். அந்தப் பக்கம் ஊதா ஒரு கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். நான் தைத்த கையுறை அது.

சும்மா இருந்திருக்கலாமே என்பீர்கள். சும்மா இருந்தால் வேகத்தைக் குறைத்திருப்பான், கையையும் எடுத்திருப்பான். ஆகவே பொத்தானை அழுத்தி "ரோடு காலி, போ" என்றேன். பதிவைப் போட்டுக் கேட்டுப் பாருங்கள். குரலில் ஒரு பிசிறுகூட இருக்காது.

என் மகன் கடைசி நொடியில் கையை எடுத்துவிட்டான். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. உடம்பில் ஒரு கீறல் இல்லை. அவன் கார்தான் மற்றதன் பக்கவாட்டில் ஏறிப் போய்விட்டது. ஊதாவை வெளியே எடுக்க வெகுநேரம் ஆனது. ஆம்புலன்ஸ் அவசரமில்லாமல் கிளம்பியபோதே எனக்குப் புரிந்துவிட்டது.

அந்தப் பிள்ளையை நினைத்து நான் அழவில்லை என்று எண்ணாதீர்கள். அழுதேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மேல தப்பில்லைங்க, இந்த வயசுல கண்ணு ஏமாத்தத்தான் செய்யும்" என்றாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள். அவளிடம் எனக்குக் கோபம்தான் வந்தது. என் கண்ணுக்கு என்ன?

ஆனாலும் முதல் சில வாரங்கள் நன்றாகவே போயின. என் மகன் வண்டிச் சாவியையே தொடவில்லை. அணிக்காரர்கள் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டான். எதற்கெடுத்தாலும் என்னைக் கேட்டான். சாப்பிடலாமா, படுக்கலாமா. கடைக்குப் போகும்போது சாலை ஓரத்தில் நின்று குழந்தை மாதிரி, "அம்மா, போலாமா?" என்பான். நான் இருபுறமும் பார்த்துவிட்டு, "ரோடு காலி, போ" என்பேன். அவன் முகம் வெளுத்துப்போகும். ஆனால் போவான். இத்தனை வருஷத்தில் நான் நிம்மதியாகத் தூங்கியது அந்த வாரங்களில்தான்.

நேற்று உங்கள் அறிக்கை வந்தது. அவன் அதை இரண்டு தடவை படித்தான். "பரவாயில்லம்மா. உனக்குத் தெரியல, அவ்வளவுதானே" என்று என் தலையைத் தடவினான். சாயந்தரம் கண் டாக்டரிடம் போகலாம் என்று கூட்டிக்கொண்டு கிளம்பினான். சாலை ஓரத்துக்கு வந்தோம். அவன் கேட்பான் என்று நான் இருபுறமும் பார்த்துத் தயாராக நின்றேன். கேட்கவில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அவனே இடதுபக்கம் பார்த்தான், வலதுபக்கம் பார்த்தான், "வாம்மா, பாத்து வா" என்று என்னைக் கூட்டிக்கொண்டு கடந்தான். ரேடியோவைப் பிடுங்கியபோதுகூட எனக்கு இப்படி இருக்கவில்லை.

ஆகவே அந்த வார்த்தையை அடித்துவிடுங்கள் சார். எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஊதா குறுக்கே நின்றதைப் பார்த்தேன், தூக்கிய கையைப் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். இதை அப்படியே எழுதி ஒரு பிரதியை என் மகனிடம் கொடுத்துவிடுங்கள். அம்மாவின் கண்ணில் கோளாறு இல்லை என்று தெரிந்துவிட்டால் அவன் மறுபடி என்னைக் கேட்க ஆரம்பித்துவிடுவான்.