துண்டு தோளுக்குத் திரும்பட்டும்

எங்கள் விவசாயிகள் சங்கத்தைத் தோளில் சுமந்து, இன்று இந்த அவைக்கும் தலைமை தாங்கும் ஐயா ரவிச்சந்திரன் அவர்களே, கலப்பை பிடித்துக் காய்த்த கைகளை மடியில் வைத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, நாற்று நட்ட சேறு காலில் காயும் முன்பே பிள்ளைகளோடு வந்துவிட்ட தாய்மார்களே, ஒருநாள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று கம்பெனி பேருந்தை விட்டுவிட்டு வந்து நிற்கும் என் தம்பியின் தோழர்களே, பரணிதரனின் அக்கா ஜெயப்பிரியா உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

எனக்குப் போர்த்த ஒரு துண்டு கொண்டு வந்தீர்கள். வாங்கிக்கொள்ளவில்லையே என்று வருந்த வேண்டாம். அது மேசைமேலேயே இருக்கட்டும். அதற்கு ஒரு வேலை இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

என் தம்பி போய் இன்றோடு ஓராண்டு. இருபத்து நான்கு வயது. வாழ்ந்தது கொஞ்சம், வளர்த்தது கொஞ்சமா? கூடப் படித்தவர்கள் எல்லாம் கம்பெனிக்குக் கிளம்பியபோது, அவன் மட்டும் வெண்டைக்காய் போட்டான். விடியலில் பறித்து, வெயில் ஏறுமுன் மாமல்லபுரத்து ஓட்டல்களில் இறக்கினான். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். அம்மா தலைகுனிந்தார். அவன் குனியவில்லை. "வெண்டிக்கா கம்பெனில மேனேஜரா கீறேன்னு சொல்லும்மா. லீவு மட்டும் கெடைக்காது" என்றான். பெண் வீட்டாரே சிரித்துவிட்டார்கள். சிரிக்கிறீர்கள் அல்லவா? சிரியுங்கள். அவனுக்கு அழுகை பிடிக்காது.

அந்தத் தம்பியைக் கொன்றது எது? பன்றியா? மின்சாரமா? ஒரு மனிதரா? இல்லை ஐயா, இல்லை. நாம் எல்லோரும் சேர்ந்து நம்பிய ஒரு வழக்கம்.

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கடலைக் கொல்லையைக் காட்டுப்பன்றி ஒரே இரவில் உழுதுவிடும். அதனால் கொல்லையைச் சுற்றிக் கம்பி இழுத்து, மோட்டார் கொட்டகையிலிருந்து வயர் போட்டுக் கரண்ட் கொடுப்பார்கள். வரப்பின் தலைமாட்டில் ஒரு கம்பு நட்டு, அதில் சிவப்புத் துண்டு கட்டுவார்கள். துண்டு இருந்தால் கரண்ட் ஓடுகிறது, போகாதே. துண்டு இல்லையென்றால் தாராளமாகப் போ. காலையில் முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும், பிறகுதான் துண்டை எடுக்க வேண்டும். இதுதான் நம் ஊரின் சட்டம். இதுதான் நம் ஊரின் காவல்.

அன்று விடியலில் தூறல். பக்கத்து நிலத்து முனிசாமி மாமா தம் கடலைக் கொல்லைக்கு வந்தார். தலை நனைகிறதே என்று துண்டை அவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டு, சுவிட்சை அணைக்கக் கொட்டகைக்கு நடந்தார். அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச நேரத்தில் என் தம்பி காய் பறிக்கும் கூடையோடு வரப்புக்கு வந்தான். கம்பைப் பார்த்தான். துண்டு இல்லை. ஊரை நம்பிக் காலை வைத்தான்.

கூடை விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பியவர் மாமா. சுவிட்சை அணைத்துவிட்டு ஓடிவந்து, அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ரோடு வரை ஓடியவரும் மாமாதான். காவல் நிலையத்துக்கு யாரும் அவரை இழுத்துப் போகவில்லை; தானே போய்ச் சொன்னார். வழக்கை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். ஆனால் அன்றிலிருந்து அவர் ஒரு கல்யாணத்துக்கு வந்தாரா? தேநீர்க்கடைப் பக்கம் நின்றாரா? அவர் தோளில் ஒரு துண்டைக் கண்டீர்களா? இப்போதும் பந்தலுக்கு வெளியே, இருட்டில்தான் நிற்கிறார்.

அவர் தப்பு என்று சொல்லி நாம் தப்பித்துக்கொண்டோம். தூறலில் தலையில் துண்டு போடாத கை நம் ஊரில் யார் கை? ஓராண்டு ஆகியும், இன்று மாலை நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது, எத்தனை வரப்பில் சிவப்புத் துண்டு பறந்தது தெரியுமா?

பன்றி வந்தால் நீயா வந்து ஓட்டுவாய் என்று கேட்பது சரவணகுமார் அண்ணன்தானே? நியாயமான கேள்வி அண்ணே. உழைத்தவன் வயிறு எரியும். நம் சங்கமே சூரிய மின்வேலி வாங்கித் தருவதாகத் தலைவர் இப்போதுதான் சொன்னார். அது சுருக்கென்று அடிக்கும், உயிரை எடுக்காது. அது வரும்வரை முறைபோட்டுக் காவல் இருப்போம். என் முறைக்கு நான் வருகிறேன். பன்றி தின்ற கடலையை மறு பட்டத்தில் விதைத்துக்கொள்ளலாம். என் தம்பியை எந்தப் பட்டத்தில் விதைப்பேன்?

தாய்மார்களே, இதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும். நான் கேளம்பாக்கத்துக்கு வேலைக்குப் போகிறேன். பிள்ளை இங்கே இருக்கிறாள். பஸ்ஸில் போகும்போதும் போன், வரும்போதும் போன்: பாப்பா எங்கே, பாப்பா எங்கே. போன ஞாயிற்றுக்கிழமை அவள் கையைப் பிடித்து வரப்பு வரை போனேன். நாலு வயது. கம்பை அண்ணாந்து பார்த்தாள். பார்த்துவிட்டு என் கையை உதறினாள்.

"ம்மா, துண்டு இல்ல. ஓடட்டா?"

யார் சொல்லிக் கொடுத்தது அவளுக்கு? ஊர் சொல்லிக் கொடுத்தது. அவள் தாய்மாமனுக்கு, என் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்த அதே பாடத்தை அவளுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டது. ஒரு முழத் துணியை நம்பியா நம் பிள்ளைகள் ஓட வேண்டும்? காற்று அடித்தால் பறக்கும் துணியை நம்பியா? மழை வந்தால் தலைக்கு ஏறும் துணியை நம்பியா?

முனிசாமி மாமா, மேடைக்கு வாங்க. வழி விடுங்கள் தம்பிகளே. கையைப் பிடித்துக் கூட்டி வாருங்கள்.

மாமா, இந்தத் துண்டை உங்கள் தோளில் போடுகிறேன். என் தம்பியைச் சுமந்த தோள் இது. இனி நம் ஊரில் துண்டு தோளில் கிடக்கட்டும், கம்பில் தொங்க வேண்டாம்.

மாமா ஏதோ சொல்கிறார். மைக்கில் விழவில்லை, அவர் சொன்னபடியே சொல்கிறேன். "வயர இன்னும் கொட்டாயிலதான் வச்சிகினு கீறேம்மா. காலைல இங்க எட்தாந்து போட்றேன்."

காலையில் அவர் வயர் மட்டும் தனியாக இங்கே கிடக்க வேண்டுமா?

சரவணகுமார் அண்ணே, கை தூக்கியது நீங்களா? தெரிகிறது அண்ணே. பின்னால் தூக்குபவர்களும் தெரிகிறார்கள்.

பேச இடம் தந்த சங்கத்துக்கும், பிள்ளைகளை மடியில் வைத்துக் கேட்ட தாய்மார்களுக்கும் நன்றி. காலையில் இதே பந்தலில், கையில் வயரோடு சந்திப்போம். வணக்கம்.