மேர்சியின்ரை பிஎம்எக்ஸ் கணக்கு

— நாலே முக்காலுக்கு எழும்பினனான். பல்லுத் தீட்டினனான். தேத்தண்ணி வைச்சனான். உங்கடை கோப்பை மூடிக் கிடக்கு. பின்னல் ரெண்டும் நானே பின்னினனான்.

— தண்ணிப் போத்தில்?

— நிரப்பியாச்சு.

— சப்பாத்து?

— போட்டிட்டன். பாருங்கோ.

— பள்ளிக்கூடம் தொடங்க இன்னும் ரெண்டு மணித்தியாலம் கிடக்கு, மேர்சி. வெளியிலை இன்னும் இருட்டு. ஏன் ஒவ்வொரு நாளும் உப்பிடி எழும்பிறாய்?

— சும்மா. இப்பவெண்டா நீங்கள் சங்கத்து வேலைக்கு ஓட வெளிக்கிடமாட்டியள். சைக்கிளைக் கதைப்பம், அப்பா.

— ம்.

— கொப்பியிலை எழுதி வைச்சிருக்கிறன். புது பிஎம்எக்ஸ் நாப்பத்திரண்டாயிரம். பழசு ஒண்டு சுதாகரன் அண்ணையின்ரை கடையிலை நிக்குது. இருவத்தாறுக்குத் தாறாராம். நீங்கள் எவ்வளவு போடுவியள்?

— இருவது.

— ஆவணியிலை முப்பது எண்டனீங்கள். புரட்டாதியிலை இருவத்தைஞ்சு. இப்ப இருவது.

— சாமான் விலை ஏறுது.

— விலை ஏறினா நீங்களும் எல்லோ ஏறவேணும்? இப்பிடியே போனா மார்கழியிலை நத்தாருக்கு நான்தான் உங்களுக்குக் காசு தரவேண்டி வரும்.

— வாய் கூடிப்போச்சு உனக்கு.

— கேளுங்கோவன். கோயிலிலை புதுநன்மை எடுக்கேக்கை எல்லாரும் தந்த காசு எட்டாயிரம் கிடக்கு. பிரான்ஸ் மாமா அனுப்பினது பத்து. உங்கடை இருவதோடை முப்பத்தெட்டு. பழசை வாங்கினா பன்னிரண்டு மிச்சம்.

— மிச்சமில்லை. ஹெல்மெற் ஆறாயிரம் வரும். முழங்காலுக்கும் முழங்கைக்கும் மூடி நாலாயிரம். மற்றது மணி. முன்னுக்கொரு லைற், பின்னுக்கொரு லைற்.

— அப்பா, நான் பழகப்போறது கோயில் மதிலுக்குப் பின்னாலை கிடக்கிற வெறும் வளவிலை. அங்கை ஆடு மட்டும்தான் வரும்.

— ஆடு குறுக்கை வந்தா?

— ஆட்டுக்கு லைற் போட்டு என்ன பிரியோசனம்?

— வளவுக்குப் போக றோட்டைக் கடக்க வேணும்.

— உருட்டிக்கொண்டு போவன். எழுதித் தாறன். கையெழுத்தும் வைக்கிறன்.

— பிஎம்எக்ஸ்தான் வேணும் எண்டு ஏன் ஒற்றைக் காலிலை நிக்கிறாய்?

— சில்லு சின்னன். சீற்றிலை இருந்தாலும் ரெண்டு காலும் நிலத்திலை முட்டும். பயம் வந்தா உடனை ஊண்டலாம்.

— உனக்குப் பயமோ?

— உங்களுக்கு இல்லையோ?

— அந்தப் பழசுக்குப் பிறேக் எப்பிடி?

— பின்னுக்கு மட்டும்தான். கம்பி கறள் பிடிச்சு அறுந்துபோச்சு. கடற்காத்துத்தானே. ஆனா கடலுக்குப் போற சிமியோன் மாமா பாத்தவர். கம்பி வாங்கத் தேவையில்லை, தூண்டிலுக்குப் போடுற தங்கூசி நூலை ரெண்டு பட்டா முறுக்கிக் கட்டித் தாறன், சுறா இழுத்தாலும் அறாது எண்டவர். எங்களுக்கு முந்நூற்றைம்பது ரூபா மிச்சம்.

— கட்டிட்டாரோ?

— என்னத்தை?

— தங்கூசி. கட்டிட்டாரோ எண்டு கேக்கிறன்.

— இல்லை, ஞாயிற்றுக்கிழமை பூசை முடியக் கடைக்கு வாறன் எண்டவர். ஏன் கத்திறியள்?

— கட்ட விடாதை. அது அறாது, இழுபடும். பிடிக்கேக்கை பிடிக்கிற மாதிரி இருக்கும். ஆத்திர அவசரத்துக்கு நிக்காது. புதுக் கம்பிதான். முன்னுக்கும் வேணும், பின்னுக்கும் வேணும். முதல் வரியிலை அதை எழுது.

— பேனையை ஏன் என்ரை கையிலை திணிக்கிறியள்?

— எழுது.

— எழுதினா வாங்கித் தருவியளோ?

— இல்லை. வேண்டாம். சைக்கிளே வேண்டாம், மேர்சி. வேறை என்னவும் கேள்.

— ஏன் வேண்டாம் எண்டிறியள் எண்டு எனக்குத் தெரியும்.

— என்ன தெரியும்?

— அம்மா சைக்கிளிலை போய்த்தானே. அதுவும் நான் சுணக்கினபடியாலை.

— ஆர் சொன்னது?

— றஜிதா மாமி. அம்மாவின்ரை முப்பத்தோராம் நாள் குசினிக்குள்ளை நிண்டு சொன்னவா. பிள்ளை எழும்பாமல் கிடந்தவள், அவளுக்குப் பின்னலைப் பின்னி, சப்பாத்தைத் தேடிக் குடுத்து நேரம் போனதாலைதான் பெர்னடெட் வேலைக்கு அந்தரப்பட்டு ஓடினவள், சந்தியிலை பஸ் வந்ததைக் காணேல்லை எண்டு. நான் கதவுக்குப் பின்னாலை நிண்டனான்.

— அதுக்கோ நீ நாலே முக்காலுக்கு எழும்பிறாய்?

— இனிச் சுணக்கமாட்டன். சைக்கிள் பழகினா நானே பள்ளிக்கூடம் போவன். என்னைக் கொண்டுபோய் விட்டிட்டு நீங்கள் சங்கத்துக்கு ஓடத் தேவையில்லை. நீங்கள் சந்தி தாண்டுமட்டும் நான் பள்ளிக்கூடக் கேற்றடியிலை பாத்துக்கொண்டு நிக்கிறனான்.

— ஒண்டரை வருசமா உதை மனசிலை வைச்சுக்கொண்டிருந்தனியோ? ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?

— நீங்களும் ஓம் எண்டு சொல்லிப்போட்டா?

— இஞ்சை வா. கொப்பியை வை. என்னைப் பார்.

— பாக்கிறன்.

— நீ சுணக்கேல்லை.

— சும்மா சொல்லாதேங்கோ. அம்மா கேற்றடியிலை கடைசியா என்ன சொன்னவா? 'பிள்ளையைப் பாத்துக்கொள்ளுங்கோ' எண்டு. நீங்கள்தானே பாதரிட்டைச் சொன்னீங்கள். சேமக்காலையிலை அம்மாவின்ரை கல்லறைக் கல்லிலையும் வெட்டிக் கிடக்கு. என்னைப் பாக்கச் சொல்லிப்போட்டு அவசரமா ஓடியிருக்கிறா.

— அது பொய்.

— கல்லிலை கிடக்கிறதோ?

— கல்லிலை கிடக்கிறதுதான். எல்லாரும் கேட்டவை, என்ன சொன்னவா, என்ன சொன்னவா எண்டு. நான் ஒண்டைச் சொன்னன்.

— அப்ப அம்மா என்ன சொன்னவா?

— அம்மாவின்ரை பிறேக் கம்பியும் அறுந்து கிடந்தது. முதல்நாள் பின்னேரம் தங்கூசி கட்டிக் குடுத்தது நான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சந்தியிலையிருந்து சைக்கிளை எடுத்து வந்ததும் நானேதான் அதை அறுத்து எறிஞ்சனான்.

— அப்பா.

— விடிய அம்மா கேற்றடியிலை நிண்டு பிறேக்கை ரெண்டு தரம் பிடிச்சுப் பாத்தவா. இழுபடுது, முந்நூற்றைம்பது தாங்கோ, போற வழியிலை புதுக் கம்பி போடுவிக்கிறன் எண்டவா. சம்பளம் வரட்டும் எண்டனான்.

— அதுக்கு அம்மா?

— "சரியப்பா, நேரம் கிடக்குத்தானே, மெள்ளமாப் போயிட்டு வாறன்" எண்டவா.