இன்னொரு கரண்டி

அய்யோ, நீங்க அடுப்ப சரியா மாட்டலன்னு நான் சொல்லவே இல்லயே தம்பி. கோச்சுக்காதீங்க. குழாய் சேர்ற எடத்துல கொஞ்சம் சோப்பு நுரை தடவிக் காட்டுங்கன்னுதான் சொன்னேன். கேஸ் கசிஞ்சா வாசன வந்துடும்ங்கறீங்க, சரிதான். இருந்தாலும் குமிழி வருதா இல்லயான்னு கண்ணால பாத்தாதான் எனக்கு நிம்மதி. ஆங், அங்கதான், திருகுக்குக் கீழ. வரலயா? சந்தோஷம். இன்னொரு தடவ தடவிடுங்களேன்.

சந்தேகப் பிராணின்னு நெனச்சுக்குவீங்க. போன வாரம் வரைக்கும் நான் இப்படி இல்ல.

வர்ற திங்கக்கெழம கட தெறக்கறேன். சூப்பும் ரொட்டியும், வேற ஒண்ணும் கெடையாது. எதுத்தாப்புல அவ்வளவு பெரிய ஆபீஸ் கட்டடம், சாயங்காலம் வெளிய வர்ற கூட்டத்துல பத்துக்கு ஒருத்தன் இந்தப் பக்கம் திரும்பினாக் கூடப் போதும். காலமெல்லாம் ஃபேக்டரி கேன்டீன்ல சமைச்சவன் நான். கேன்டீன காண்ட்ராக்ட்டுக்கு விட்டதும் எங்கள வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. கைக்கு வந்தத அப்படியே தூக்கி இந்தக் கடைல போட்டுட்டேன். யார் பேச்சக் கேட்டுன்னு கேளுங்க. என் பொண்ணு பேச்சக் கேட்டு.

ஒரே பொண்ணுதான். கட்டிக் குடுத்தாச்சு.

அவ சின்னப் பிள்ளைல எப்படித் தெரியுமா? கேன்டீன்ல நான் ஆக்கினத ஆயிரம் பேர் வழிச்சுத் தின்னுட்டுப் போவான். வீட்ல இவ ஒருத்தி தட்ட ஒத்த விரலால தள்ளுவா. உப்பு இல்லம்பா. அடி புடிச்சிருக்கும்பா. ஒரு நாளு, உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்கப்பான்னு வந்து நிக்கறா, கைல தட்டோட, குப்பத் தொட்டிக்குப் பக்கத்துல. அவ அம்மா விழுந்து விழுந்து சிரிக்கறா. எனக்கு வந்த கோவத்துக்கு, சாப்பிடாமலே படுத்துட்டேன். அப்புறமா எந்திரிச்சுப் போய் வாயில வச்சுப் பாத்தா, நெசமாவே உப்பு இல்ல.

அன்னைக்கு முடிவு பண்ணேன் தம்பி. மேனேஜரு நல்லா இருக்கும்பான், அவனுக்கு இன்னொரு தட்டு வேணும். கூட வேல செய்யறவன் நல்லா இருக்கும்பான், அவனுக்கு லீவு வேணும். இவளுக்கு என்கிட்ட ஒண்ணும் வேண்டாம். அதனால இவ நாக்குதான் தராசு.

அந்தப் பெரிய பர்னரக் கொஞ்சம் பத்த வைக்கறீங்களா? காயெல்லாம் நறுக்கிக் கொண்டாந்திருக்கேன். சட்டிய ஏத்திப் பாத்தாத்தான் நெருப்பு எப்படி நிக்குதுன்னு தெரியும். ஆமா, ஓரத்துல மஞ்சளா எரியுது. காத்து பத்தலயோ? சரி, நீங்க உங்க வேலயப் பாருங்க, நான் என் வேலயப் பாக்கறேன்.

என் பொண்ணு இப்ப என்ன வேல பாக்கறான்னு சொல்லலயே. ஃபோன்ல குற சொல்லிக் கூப்பிடறாங்கல்ல, அவங்ககிட்ட எப்படிப் பேசணும்னு ஆளுங்களுக்குப் பாடம் எடுக்கறா. இல்லங்கற வார்த்தையவே சொல்லாம இல்லன்னு சொல்லணுமாம். என்கிட்ட ஒரு தடவ வெளக்கமா சொன்னா. மொதல்ல கண்ண மூடி ஒரு ம்ம். அப்புறம் பாராட்டு. ஒடனே ஒரு கேள்வி. பதில் சொல்லிட்டு இருக்கறவனுக்கு சந்தேகம் வராதுப்பான்னா. கெட்டிக்காரி பெத்த கெட்டிக்காரின்னு பூரிச்சுப் போனேன். என்ன? கேக்கலயா? விடுங்க, நீங்க அடுப்புக்குள்ள தலைய விட்டு சுத்தியால தட்டிட்டு இருந்தா எங்க கேக்கும்.

வருசா வருசம் லீவுக்கு அவளும் மாப்பிள்ளயும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவாங்க. அவ அம்மா போனப்புறமும் நான் அத நிறுத்தல. ரெண்டு நாளா அடுப்படியிலயே நிப்பேன். சூப்பு, சுட்ட கறி, வேக வச்ச உருளக்கெழங்குன்னு மேச நெறஞ்சிருக்கும். ஒரு வாய் வச்சதும் கண்ண மூடுவா. ம்ம்... அப்பா! உங்க கை கைதான்ப்பா. இதுல என்னென்ன போட்டீங்க? அவ்வளவுதான், நான் ஆரம்பிச்சுடுவேன். காக்காய்க்குத் தன் குஞ்சு பொன் குஞ்சும்பாங்க, இங்க குஞ்சு காக்காயப் பாத்துப் பொன்னுங்குதேன்னு உள்ளுக்குள்ள ஒரே குஷி. போன வருசம் அந்த மேசயிலதான் கேட்டேன், ஏம்மா, கேன்டீன காண்ட்ராக்ட்டுக்கு விடப் போறாங்க, தனியா கட போட்டா ஓடுமான்னு. தாராளமாப் போடுங்கப்பான்னா. அன்னைக்கு உப்பு இல்லன்னு சொன்ன வாயில்லயா, நம்பிக் கடயப் போட்டுட்டேன்.

இப்ப போன வாரத்துக்கு வாங்க. பாதிச் சாப்பாட்டுல, அய்யோ, கேக்கு வாங்கினத கார்லயே விட்டுட்டேன்னு எந்திரிச்சா. நீ உக்காரும்மா, நான் போறேன்னு சாவிய எடுத்துட்டேன். வேணாம்ப்பாங்கறா. மாப்பிள்ள கைல கரண்டியோட எந்திரிச்சு நிக்கறாரு. அவரு நமக்கு முன்னால அவ்வளவு வேகமா எந்திரிச்சு நான் பாத்ததே இல்ல. என்னா மரியாத, என்னா பாசம்னு மெதந்துக்கிட்டே போனேன்.

காரு தெரு முனை தாண்டி நின்னுச்சு. வீட்டு வாசல்ல ஒரு வண்டி கூட இல்லாம எடம் காலியாக் கெடக்கு. கதவத் தெறந்தா, பின் சீட்ல கேக்கு. முன் சீட்டுக்குக் கீழ வறுத்த கோழி வாங்கின அட்டப் பொட்டி. எலும்பு சுத்தமா கடிச்சு வச்சிருக்கு. கசக்கின காயிதம். சீட் பெல்ட்ல சாஸு. பொட்டியத் தொட்டுப் பாத்தேன், சூடு ஆறல.

வழியில பசிச்சிருக்கும்னு எனக்கு நானே வக்கீல் வச்சு வாதாடிப் பாத்தேன். போன வருசமும் முனை தாண்டித்தான் நிறுத்தினா. அதுக்கு முந்தின வருசமும்தான். வாசல்ல எடம் இல்லப்பான்னா. கேஸ் தோத்துப் போச்சு.

இவ்வளவு கிட்டக்க இருந்து வாசன கூடவா தெரியலன்னு கேக்கறீங்களா? மாப்பிள்ள சட்டயிலயே அடிச்சிருக்கும், வாஸ்தவம். வேற எந்த மாமனாரா இருந்தாலும் வாசப்படியிலயே புடிச்சிருப்பான். அதுக்கு வர்றேன்.

கேக்கக் கொண்டாந்து வச்சேன். ரெண்டு பேரும் என் மூஞ்சியவே பாக்கறாங்க. அவ தானா கிண்ணத்த நீட்டறா, அப்பா, இன்னொரு கரண்டிங்கறா. ஊத்தினேன். குடிச்சா. நான் இன்னொரு கரண்டி ஊத்தினேன். அதயும் குடிச்சா. மறுபடி ஊத்தினேன் தம்பி, கெட்ட புத்திதான். கண்ணுல தண்ணி வந்துடுச்சு அவளுக்கு. காரம்ப்பான்னா. நான் காரம் போட்ட மாதிரி ஞாபகமே இல்ல. போட்டேனோ என்னவோ. மாப்பிள்ள குனிஞ்ச தல நிமிரல. நாங்க மூணு பேரும் சேந்து கேக்க வெட்டி சிரிச்சுக்கிட்டே சாப்பிட்டோம்.

அப்பலேந்து இதத்தான் போட்டு ஒழப்பிக்கிட்டு இருக்கேன். அவ அம்மா இருந்திருந்தா மூஞ்சிக்கு நேரா, இத நாய் கூடத் தின்னாதுன்னு சொல்லியிருப்பா. இவளும் தட்டத் தள்ளியிருந்தா நான் தாங்கியிருப்பேன். பாசத்துலதான் பொய் சொல்லியிருக்கா, தெரியுது. குடிக்க முடியாதத மூணு கரண்டி குடிச்சிருக்கா, அதுவும் தெரியுது. ஆனா எந்த நாள்ல என்னய அப்பன்லேந்து ஃபோன்ல குற சொல்லிக் கூப்பிடற ஆளா மாத்தினா? அதக் கேக்கலாம்னு ஃபோன எடுப்பேன். அவ கொரலக் கேட்டதும், சாப்பிட்டியாம்மான்னு கேட்டுட்டு வச்சுடுவேன்.

கொதிச்சுடுச்சு பாருங்க. நெருப்பு இப்ப நல்லா நீலமா நிக்குது. கை தொடச்சுக்கோங்க. இந்தாங்க, ஒரு கப்பு. மொதல்ல நீங்கதான் குடிக்கணும். நான் குடிச்சு என்ன ஆகப் போகுது? எனக்கு இதுவும் வெந்நீரும் ஒண்ணுதான். மூணு வருசத்துக்கு முன்னாடி ஒரு காய்ச்சல் வந்துச்சு, அதுல நாக்கும் போச்சு, மூக்கும் போச்சு. திரும்பி வரல. கேன்டீன்ல எல்லாம் அளவுக் கரண்டி, சமாளிச்சுட்டேன். வெளிய தெரிஞ்சா வேல போயிடுமேன்னு யார்கிட்டயும் மூச்சு விடல. அவளுக்கும் தெரியாது. அவதான் சொல்லிடுவாளே, அவ சொன்னாப் போதுமேன்னு இருந்துட்டேன்.

உங்களுக்கு என்கிட்ட ஒண்ணும் வேண்டாம். பொய் சொல்ல அவசியமில்ல. ஊதிக் குடிங்க, சுடும். நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு சொல்லுங்க, திங்கக்கெழம தெறக்காம விட்டுடறேன். ம்... முழுங்கிட்டீங்களா?

என்ன தம்பி, கண்ண மூடிட்டீங்க?

என்ன? இதுல என்னென்ன போட்டேன்னா கேக்கறீங்க?