பச்சைப் பட்டன்

ஐப்பசிக் கடைசி வாரம், குத்தாலத்திலிருந்து கும்பகோணம் போகும் பேருந்து. முன் இருக்கையில் பார்வையில்லாத விவசாயி ஒருவர் கைப்பேசித் திரையைத் தடவத் தடவ, அது "பட்டன், பட்டன்" என்று வாசித்தது.

"வேற வார்த்தையே தெரியாதாங்க அதுக்கு?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"ஆப் செஞ்சவன் பட்டனுக்குப் பேர் வைக்கல, அது என்ன பண்ணும்? சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு, இன்னைக்குக் கடைசி நாள். ஒரு பட்டன் மனுவ அனுப்பும், இன்னொண்ணு எல்லாத்தையும் அழிச்சுடும்."

"உதவி நம்பர்ல கேக்கறதுதானே?"

"கேட்டேன். பச்சைய அமுக்குங்கன்னாங்க. கண்ணு தெரியாதுங்கன்னேன். அப்ப சிவப்ப மட்டும் தொட்டுடாதீங்கன்னாங்க."

"குடுங்க, நான் பாக்கறேன். என்னங்க, திரையே இருட்டா இருக்கு?"

"எனக்கெதுக்கு வெளிச்சம்? இருங்க, உங்களுக்காகப் போடறேன்."

வாங்கியவர் திரையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ரெண்டுமே பச்சையா இருக்குங்க. எழுத்தும் இல்ல."

"அப்ப இந்தத் தடவ அந்த நம்பருக்கு நீங்க பேசுங்க."