ஸ்டியரிங்ல ஆட்டம்

இல்லண்ணே, உக்கார வேணாம், நின்னுக்கிறேன். நீங்க வேலையப் பாருங்க, செத்த நேரம் பேசிட்டுப் போயிர்றேன். டீயா? குடிச்சிட்டேன். ரெண்டு குடிச்சிட்டேன்.

நான் அகரம் பெருமாள்சாமி மகன், அழகுராஜா. எங்க மினி டிராக்டருக்கு போன மாசம் பவர் ஸ்டியரிங் ஓஸ் மாத்திக் குடுத்தீங்கல்ல. ஆமா, அதே வண்டிதான். வாய்க்கால்ல எறங்குன வண்டி.

அப்பாவுக்கா? காறை எலும்பு முறிஞ்சிருச்சு. கட்டுப் போட்டிருக்கு, ஆறு வாரம் கைய அசைக்கக் கூடாதாம். இல்லண்ணே, சண்டைக்கு வரல. சத்தியமா. அந்த ஸ்பேனரக் கீழ வைங்க. அட, சிரிக்கிறீங்க. சரி, வையாட்டியும் பரவால்ல.

நீங்க ஓஸ் மாத்தி, உள்ள இருந்த காத்தெல்லாம் எடுத்துத்தான குடுத்தீங்க? ஆயில் அளவும் சரியா இருந்துச்சு, நானே பாத்தேன். ஆனா வண்டி நேரா போகல. ஸ்டியரிங்க அசையாம புடிச்சாலும் எடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம்னு அலைஞ்சுச்சு. டயர்ல காத்துப் பாத்தேன், ரெண்டும் சமம். அப்பத்தான் உங்களுக்குப் போன் பண்ணேன். ஆயில்ல ஒண்ணும் இல்ல தம்பி, சக்கரத்துக்கிட்ட ஜாயிண்டுல ஆட்டம் இருக்கும், வண்டியக் கொண்டா பாக்குறேன்னீங்க. ஞாபகம் இருக்கா? அதுக்கு மேல ஒருத்தர் என்ன சொல்ல முடியும்.

கொண்டு வரல. நாலு வருசம் மெக்கானிக்கல் படிச்சவன், ஒரு நட்டு முடுக்க தாடிக்கொம்புப் பட்டறை வரைக்கும் போகணுமாடான்னு அப்பா சும்மா ஒரு வார்த்தை கேட்டாரு. எங்க வீட்ல காலேஜ் வாசல மிதிச்ச மொத ஆளு நாந்தான். வேலைக்கு இன்னும் போகல. எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. நானே பாத்துர்றேன்னுட்டேன்.

பாத்தேண்ணே. காட்டுலயே ஜாக்கி வச்சுத் தூக்கி, எடது சக்கரத்த ஆட்டிப் பாத்தா, நீங்க சொன்ன ஜாயிண்டு நட்டுதான் லூசு. முடுக்குனேன். ஆட்டம் போயிருச்சு. அப்பா ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து, பட்டு மாதிரி போகுதுடான்னாரு. டிகிரி வாங்கிட்டு வந்தப்பக்கூட அவரு மொகத்துல அப்படி ஒரு சிரிப்ப நான் பாக்கல.

எட்டாம் நாளு, கத்திரிக்காக் காட்டுல திருப்புறப்போ எடது சக்கரம் மட்டும் தன் போக்குல வெளிப்பக்கமாத் திரும்பிருச்சு. வண்டி வாய்க்கால்ல, அப்பா வரப்புல. நல்லவேளை, அவரு மேல சாயல.

ஊர்ல என்ன பேச்சுன்னு உங்களுக்கே தெரியும்ல. காத்தமுத்து பாத்த ஸ்டியரிங்குன்னு அப்பா உங்க பேரத்தான் பாக்குற ஆளுகிட்டயெல்லாம் சொல்றாரு. சங்கிலி மாமா தன் வண்டிய உங்ககிட்ட விடாம திண்டுக்கல்லுக்கே கொண்டு போயிட்டாரு. டீக்கடையில ஒருத்தரு, காத்தமுத்து அப்படி விடுற ஆளு இல்லையேப்பான்னாரு. அதுக்கு அப்பா, எம் மகன் இஞ்சினியரு, அவனே பாத்துட்டான், தப்பு காத்தமுத்து வேலையிலதான்ங்கிறாரு. நான் உங்களச் சொல்லலண்ணே. நான் ஒண்ணுமே சொல்லல. பக்கத்துல நின்னு டீய ஆத்திக்கிட்டே இருந்தேன். சொன்னதுக்குச் சமந்தான் அது.

என்னண்ணே? ஆமா, பின்னு. நட்டு கழண்டு வராம குறுக்க மாட்டுற பின்னு. அதக் கேப்பீங்கன்னு தெரியும். நட்டுல வெட்டியிருக்குற காடியும் போல்ட்டு ஓட்டையும் நேரா வரல, இன்னும் கொஞ்சம் முடுக்கணும். அந்நேரம் பாத்து சென்னையிலருந்து போன், இண்டர்வியூ. காட்டுல டவர் இல்ல. பின்னச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு மேட்டுக்கு ஓடுனேன். பேசிட்டு வந்த நெனப்புல ஜாக்கிய எறக்கிட்டேன். காட்டுக்குப் போடுற சட்டை, ஆணியிலயே தொங்குச்சு. அப்பாவ ஆஸ்பத்திரியில சேத்த அன்னைக்கு அம்மா தொவைக்க எடுத்துட்டு, என்னடா இது கம்பின்னு கையில குடுத்துச்சு. பத்து நாளா இதத்தான் வச்சுக்கிட்டுத் திரியிறேன்.

இந்தாங்க.

வேலையா? கெடைக்கலண்ணே.

அப்பா ரோட்டுல ஆட்டோவுலதான் இருக்காரு. உங்கள நாலு கேள்வி கேக்கணும்னு வந்திருக்காரு. நான் முன்னாடி போயி பேசிட்டு வாரேன்னு எறங்கிட்டேன். கையத் தொடச்சிட்டு வாங்கண்ணே. நீங்க ஒண்ணும் பேச வேணாம், அப்பாகிட்ட நானே சொல்லிர்றேன், பக்கத்துல நில்லுங்க போதும். தனியாப் போனேன்னா மறுபடியும் ஆயிலு, டயருன்னு ஆரம்பிச்சிருவேன்.