நாளைக்கு யாருக்குத் தூரம் அதிகம்?

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்த காரியம், பெட்ரோல் கேனைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்ததுதான். பாதிக்கு மேல் இருந்தது. ஜெனரேட்டரைத் தகரக் கூரைக்கு அடியில் இழுத்து வைத்து, கயிற்றைச் சுண்டி இழுத்து, இரைச்சல் சீராகும்வரை காத்திருந்து, சார்ஜர்களை ஒவ்வொன்றாகச் செருகினேன். காவலுக்கு எங்கள் இளைய செவிலியர் ஒருத்தியை உட்கார வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். நாளைக்கும் நோயாளிகள் காத்திருப்பார்கள் அல்லவா? சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் பெட்ரோல் வாசனை போகவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலைமை ஏற்றிருக்கும் அறக்கட்டளைத் தலைவர் அவர்களே, எங்கள் குழுவின் மருத்துவர் அவர்களே, இந்தத் துயரத்திலும் மேடைக்கு வந்திருக்கும் அக்காவின் கணவர், தையல்கடை அண்ணன் அவர்களே, குன்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நடந்தே வந்திருக்கும் நோயாளிகளின் குடும்பத்தாரே, என் சக செவிலியரே, அனைவருக்கும் வணக்கம்.

நம் தலைமைச் செவிலியர் நம்மை விட்டுப் போய்விட்டார். தலைமைச் செவிலியர் என்றால் குன்றுக்கு அந்தப் பக்கம் யாருக்கும் தெரியாது. கரண்ட் அக்கா என்றால் தெரியும். மின்கம்பமே போகாத இடத்தில் ஒருவருக்குக் கிடைத்த பட்டத்தைப் பாருங்கள்!

படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது எங்கள் வேலை. மூடிப்போன கல்குவாரியின் எடைமேடை அறைதான் எங்கள் முகாம். அதற்கு மேல் ஜீப் ஏறாது. பேட்டரி சைக்கிள் ஏறும். ஆனால் பேட்டரியை எங்கே சார்ஜ் செய்வது? கரண்டே இல்லாத இடத்துக்குக் கரண்டில் ஓடும் சைக்கிளா என்று சிரித்தார்கள். அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தார். மறுவாரம் சூட்கேஸ் அளவில் ஒரு ஜெனரேட்டரோடு வந்து இறங்கினார்.

எடுத்தவுடனே எல்லாம் தெரிந்தவரா அவர்? இல்லை! முதல் வாரத்திலேயே, சார்ஜர்கள் செருகியபடி இருக்க, பெட்ரோல் தீர்ந்து ஜெனரேட்டர் இழுத்து இழுத்து நின்றது. நிற்கும்போது மின்னழுத்தம் தாறுமாறாகி ஒரு சார்ஜர் கருகிப் போனது. வேறு யாராக இருந்தாலும் அதைக் குப்பையில் போட்டு மறைத்திருப்பார்கள். அக்கா அதை அறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். புதிதாக வரும் ஒவ்வொரு செவிலியரையும் அதன் முன்னால் நிறுத்தி அறிமுகம் செய்வார்: "இது நான் கொன்னது. நீ கொன்னா பக்கத்துல ஆணி இருக்கு. மொதல்ல சார்ஜரை உருவு, அப்புறம் எஞ்சினை நிறுத்து. புரிஞ்சுதா?"

இன்றுவரை பக்கத்து ஆணி காலியாகவே இருக்கிறது.

சைக்கிள்கள் ஆறு. ஜெனரேட்டர் ஒரே நேரத்தில் தாங்குவது நான்கு சார்ஜர்கள். யார் பேட்டரி முதலில்? முதலில் வந்தவருடையதா, மூத்தவருடையதா? அக்கா கேட்பது ஒரே கேள்வி: "நாளைக்கு யாருக்குத் தூரம் அதிகம்?" அவ்வளவுதான் வரிசை. ஒருநாள் நம் மருத்துவர் தன் பேட்டரியை முதலில் செருகிவிட்டார்.

"டாக்டர், நாளைக்கு உங்களுக்கு எங்க?"

"இங்கதான்க்கா. மருந்து ஸ்டாக் பாக்கணும்."

"மருந்து எண்ணுறதுக்கு மோட்டார் எதுக்கு?" என்று சொல்லிக்கொண்டே உருவிவிட்டார். மருத்துவர் சிரிக்கிறார், பாருங்கள். அன்றைக்குச் சிரிக்கவில்லை!

தன் பேட்டரியை மட்டும் எப்போதும் கடைசியில் வைப்பார். பல நாள் அதன் முறை வருவதற்குள் பெட்ரோல் கட்டுப்படியாகாது என்று நிறுத்திவிடுவார். பிறகு அந்தக் கனத்த சைக்கிளை மோட்டார் இல்லாமல் காலாலேயே மிதித்துப் போவார். "மிதிச்சா முட்டிக்கு நல்லதுடி" என்பார். அந்த முட்டிக்கு இரவில் ஒத்தடம் கொடுத்த அண்ணனுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய பொய் என்று. பேட்டரிகளைக் குளிரில் விறைக்காமல் வைக்கப் பஞ்சு வைத்து உறை தைத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

மழைநாளில் எங்களில் ஒருத்தி ஜெனரேட்டரை அறைக்குள் இழுக்கப் போனாள். அக்கா கத்திய கத்தல் குவாரி முழுக்க எதிரொலித்தது. "புகை உள்ள அடைஞ்சுதுன்னா பேட்டரி ஃபுல் ஆயிடும், நாம காலி ஆயிடுவோம்!"

ஒரு நிகழ்ச்சியை மட்டும் நான் இன்னும் மனதுக்குள் புரட்டிக்கொண்டே இருக்கிறேன். முகாமை ஒட்டிய வீட்டில் ஒரு தாய் கடைசி மூச்சில் இருந்தார். அவர் மகள் வந்து தயங்கி நின்றார். "அம்மா ஏதோ சொல்றாங்க. இந்தச் சத்தத்துல காதுல விழல." அக்கா சார்ஜர்களை ஒவ்வொன்றாக உருவினார், எஞ்சினை நிறுத்தினார். எனக்குக் கோபம். "அக்கா, நாளைக்கு குன்றுக்கு அந்தப் பக்கம் எப்படிப் போறது?" என்றேன். "தள்ளிக்கிட்டுப் போலாம். அவங்களுக்கு நாளைக்குன்னு ஒண்ணு இல்லடி" என்றார்.

மறுநாள் பாதி வழியில் பேட்டரிகள் தீர்ந்தன. புண்ணுக்குக் கட்டு மாற்றப் பல மணி நேரம் காத்திருந்த ஒரு பெரியவர் வலியில் துடித்தார். அக்கா அவரிடம், "நான்தான் லேட்டாக்கிட்டேன், நல்லாத் திட்டுங்க" என்றார். அவர் திட்டினார்! கட்டு மாற்றி முடியும்வரை அக்கா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அக்கா செய்தது சரிதானா? எனக்கு இன்றும் தெரியவில்லை. ஆனால் ஒருவருக்குக் கொடுத்ததால் இன்னொருவர் பட்ட வலியை நேரில் நின்று ஏற்றுக்கொள்ளும் தலைமையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எனக்கு முன்னால் பேசிய தலைவர், அக்கா இல்லாமல் முகாமை நடத்த ஆள் இல்லை, இந்த மாதத்தோடு மூட வேண்டியிருக்கும், நோயாளிகளை நகரத்துக்கு அழைத்து வரலாம் என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார். ஆனால் ஐயா, புரண்டு படுக்கவே முடியாதவரை எப்படி அழைத்து வருவது? நாற்காலியில் கட்டியா? அந்தச் சரிவிலா?

நகரத்துச் செவிலியர் கல்லூரியில் எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்ததை அறிந்து உங்களில் பலர் வாழ்த்தினீர்கள். போகச் சொன்னதே அக்காதான். "போடி. நாப்பதுக்கு மேல குன்று ஏறச் சொல்லி உன்னை யாரு கெஞ்சுனா?" என்றார். உண்மைதான். யாரும் கெஞ்சவில்லை. இப்போதும் யாரும் கேட்கவில்லை. அதனால்தான் நானாகச் சொல்கிறேன்: நான் அந்த வேலைக்குப் போகவில்லை. முகாமை மூட வேண்டாம் ஐயா, நான் நடத்துகிறேன்.

இதை இதற்கு முன் நான் யாரிடமும் சொல்லவில்லை. நகரத்தில் பால்கனி வைத்த வீடு பார்த்துவிட்டு, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் கணவரிடம்கூட.